செங்ஹெனித்: சுரங்கம் மூடிய பின்னும் வாழும் ஊர்

வெள்ளி, கார்டிஃப்

நிலக்கரி ஊரைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கரியை விற்ற இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் இறங்கி, விடுதியில் பையை வைத்துவிட்டு நேரே துறைமுகப் பக்கம் நடந்தேன். மவுண்ட் ஸ்டூவர்ட் சதுக்கத்தின் நடுவே பெரிய அரண்மனை மாதிரி நிற்கிறது பழைய நிலக்கரிச் சந்தை. 1880களில் கட்டியது. பின்னாளில் ஹோட்டலானது. ஒரு காலத்தில் உலகம் முழுவதும் கரி என்ன விலைக்குப் போகும் என்பதை இந்தக் கட்டடத்துக்குள் நின்ற வணிகர்கள் தீர்மானித்தார்கள். பத்து லட்சம் பவுண்டுக்கான உலகின் முதல் காசோலை இங்கேதான் எழுதப்பட்டது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

வேல்ஸின் தென் பள்ளத்தாக்குகளில் கிடைத்த கரிக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது. புகை குறைவு, சூடு அதிகம். பிரிட்டிஷ் கடற்படை அதைத்தான் கேட்டு வாங்கியது. போர்ட் சையத், ஏடன், கொழும்பு என்று நீராவிக் கப்பல்கள் நின்று கரி நிரப்பிக்கொண்ட துறைகளுக்கெல்லாம் இங்கிருந்து ஏற்றுமதி நடந்தது. உச்சம் தொட்ட ஆண்டு 1913. அந்த ஒரே ஆண்டில் தென் வேல்ஸ் சுரங்கங்கள் ஏறத்தாழ 5.7 கோடி டன் கரியை வெட்டி மேலே அனுப்பின. இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் சுரங்க வேலையில் இருந்தார்கள்.

அதே 1913 அக்டோபரில்தான் பிரிட்டனின் சுரங்க வரலாற்றிலேயே மிகக் கொடிய விபத்தும் நடந்தது. நடந்த ஊர் செங்ஹெனித். வேல்ஸ் பக்கம் வருகிறவர்கள் ரோண்டாவுக்குப் போவார்கள், ஆபெர்வானுக்குப் போவார்கள். செங்ஹெனித் பெயரைச் சொன்னால் விடுதி வரவேற்பில் இருந்த இளைஞருக்கே சட்டென்று பிடிபடவில்லை. கார்டிஃபிலிருந்து அது இருபது கிலோமீட்டர்கூட இராது.

சனி, செங்ஹெனித்

காலையில் ரயில். கார்டிஃபை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மலையைக் குடைந்த நீண்ட சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் கேர்ஃபிலி. அங்கே பெரிய கோட்டை ஒன்று இருக்கிறது. 1268இல் கில்பர்ட் டி கிளேர் கட்டத் தொடங்கியது. அதன் கோபுரம் ஒன்று பல நூற்றாண்டுகளாகச் சாய்ந்தபடியே நிற்கிறது. கோட்டையைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

செங்ஹெனித்துக்கு ரயில் கிடையாது. 1894இல் கரிக்காகப் போட்ட கிளைப்பாதையில் 1964இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஆபெர் பள்ளத்தாக்கின் வழியே ஏறுகிறது. இருபுறமும் புல் மூடிய மலை. சாலையை ஒட்டி ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்துகொண்ட வரிசை வீடுகள். அபெர்ட்ரிடுர் என்ற ஊரைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு குறுகுகிறது. கடைசி நிறுத்தம் செங்ஹெனித். அதற்கு மேல் பெரிய சாலை இல்லை. பண்ணைகளுக்கும் மலைக்கும் போகும் சிறு பாதைகள்தான். வேறெங்கோ போகிற வழியில் யாரும் இந்த ஊரைக் கடந்துபோக முடியாது. வர வேண்டும் என்று நினைத்து வந்தால்தான் உண்டு.

1890 வரை இங்கே சில பண்ணைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. 1891இல் யூனிவர்சல் சுரங்கத்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். லங்காஸ்டர், யார்க் என்று இரண்டு குழிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 590 மீட்டர் ஆழம். முதல் கரி 1896இல் மேலே வந்தது. அதற்குள் வேல்ஸின் நாட்டுப்புறத்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்து, சரிவில் தெருத்தெருவாக வீடுகள் எழும்பிவிட்டன. சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. நிலத்தடியில் வெட்டிக்கொண்டுபோன பகுதிகளுக்கு மாஃபெகிங், கிம்பர்லி, லேடிஸ்மித், பிரிட்டோரியா என்று பெயர் வைத்தார்கள். செய்தித்தாளில் படித்த ஊர்ப் பெயர்களைப் பூமிக்கடியில் சூட்டி, அங்கே போய்ப் பகல் முழுவதும் குனிந்து வேலை செய்திருக்கிறார்கள்.

சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது தொடக்கப் பள்ளி. பள்ளியின் முன்னால் 1981இல் வைத்த நினைவுச்சின்னம்: குழி வாயிலுக்கு மேல் நிற்கும் சுரங்கத் தலைக்கோபுரத்தின் சிறிய வடிவம். சற்றுத் தள்ளி 2013 அக்டோபர் 14 அன்று, விபத்தின் நூறாவது ஆண்டில், திறந்த தேசிய நினைவுத் தோட்டம். நடுவில் வெண்கலச் சிலை. செய்தவர் லெஸ் ஜான்சன். உயிர்காப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர், மூச்சுத்திணறித் துவண்ட ஒரு தொழிலாளியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். இரண்டு பேர் முகத்திலும் வீரக்களை என்று எதுவும் இல்லை. அசதி மட்டும்தான். சிற்பி அதை அப்படியே விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

சிலையைவிட என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது சுற்றுச்சுவர். இறந்த ஒவ்வொருவருக்கும் கையால் செய்த ஒரு சுட்டமண் ஓடு. அதில் பெயர், வயது. நான் வயதுகளை மட்டும் படித்துக்கொண்டே நகர்ந்தேன். 23. 41. 19. 14. கொஞ்சம் தள்ளி மறுபடியும் 14. அந்த விபத்தில் இறந்தவர்களில் இருபது வயது நிரம்பாதவர்கள் அறுபது பேர். பதினான்கே வயதானவர்கள் எட்டுப் பேர். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பந்து ஒன்று கிடந்தது. சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் 1913லிருந்து தொடங்கினால் அது பாதிக் கதை. 1901லிருந்து தொடங்க வேண்டும்.

1901 மே 24, அதிகாலை ஐந்து மணி. இரவு முறை முடியும் நேரம். கீழே இருந்தவர்கள் 82 பேர். வெடித்தது. பிழைத்தவர் ஒரே ஒருவர், குதிரை லாயத்துக்காரர். மற்ற 81 பேரும் போய்விட்டார்கள். விசாரித்த வில்லியம் காலோவே நிலக்கரித் தூள் பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். மீத்தேன் வாயு பற்றினால் வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கொடியது தூள் என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். வாயு வெடித்த அதிர்ச்சியில் தரையிலும் உத்திரத்திலும் படிந்திருக்கும் கரித்தூள் மேகமாக எழும்பும். அந்த மேகம் தீப்பிடிக்கும். அது அடுத்த பகுதித் தூளை எழுப்பும். இப்படி ஒரு மூலையில் தொடங்கிய தீ சுரங்கம் முழுக்க ஓடிவிடும். யூனிவர்சல் சூடான சுரங்கம், வறண்ட சுரங்கம், தூள் நிறைந்த சுரங்கம் என்று அவர் அறிக்கை எழுதினார். தண்ணீர் தெளித்துத் தூளை அடக்க வேண்டும் என்றார்.

தூள் அடங்கவில்லை. 1910 அக்டோபரில் கூரை சரிந்து வாயு பெருகி எல்லோரையும் வெளியேற்ற வேண்டியிருந்தது. 1911இல் புதிய சுரங்கச் சட்டம் வந்தது. காற்றோட்டம் தரும் விசிறியை, ஆபத்து வந்தால் எதிர்த்திசையில் திருப்பும் வசதி ஒவ்வொரு சுரங்கத்திலும் இருக்க வேண்டும் என்றது. கெடு 1913 ஜனவரி. யூனிவர்சலுக்குச் செப்டம்பர் வரை தவணை கொடுத்தார்கள். செப்டம்பரும் போனது. வேலை முடியவில்லை. இடையில் ஒன்று நடந்தது: சுரங்கத்தின் அதிபர் வில்லியம் தாமஸ் லூயிஸுக்கு 1911இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது, அவர் அதைச் ‘செங்ஹெனித்தின் மெர்தர் பிரபு’ என்று இந்த ஊரின் பெயரோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்.

1913 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி தாண்டிய சற்று நேரத்தில், சுமார் 950 பேர் கீழே இருந்தபோது மேற்குப் பகுதியில் வெடித்தது. லங்காஸ்டர் குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு பீறிட்டு மேலே தூக்கியெறியப்பட்டது. மேலே நின்ற ஒருவர் அங்கேயே இறந்தார். கிழக்குப் பகுதியில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களை யார்க் குழி வழியே மேலே கொண்டுவர முடிந்தது. மேற்கே தீ. விசிறியைத் திருப்ப வழியில்லை; திருப்பியிருந்தால் புகையும் நச்சுக்காற்றும் வேறு பக்கம் போயிருக்குமா என்பதை இன்றும் விவாதிக்கிறார்கள். தீயை அணைக்கப் போதிய தண்ணீர் வசதி கீழே இல்லை. சுவாசக் கருவியோடு வரும் குழுக்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து வர வேண்டியிருந்தது. அவர்களுக்குச் சொல்லி அனுப்பியதிலும் தாமதம். அன்று நள்ளிரவுக்குப் பின் மேற்குப் பகுதியில் பதினெட்டுப் பேரை உயிரோடு கண்டெடுத்தார்கள். ஊர் மொத்தமும் குழி வாயிலில் நின்றுகொண்டிருந்தது. அதன்பின் உயிரோடு எவரும் வரவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் 439 பேர், மீட்கப்போன ஒருவர்: மொத்தம் 440.

வெடிப்பில் நேரடியாக இறந்தவர்களைவிட அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடில் இறந்தவர்களே அதிகம்.

நினைவுத் தோட்டத்திலிருந்து சமூகக் கூடத்தில் இருக்கும் சிறிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் நடத்துகிறார்கள். வாசலில் இருந்த அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுவிட்டு, “இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், முதலில் தேநீர் குடியுங்கள்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். கெட்டில் கொதிக்கும்வரை சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்தவர்களின் பெயர்களும் முகவரிகளும். ஒரே தெருப் பெயர் வரிவரியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தெருவில்தான் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருந்தேன்.

“ஒரு வீட்டில் ஒருவர் என்று நினைத்துவிடாதீர்கள்” என்றார் அவர், தேநீரை நீட்டியபடி. தகப்பனும் மகனும் சேர்ந்து போன வீடுகள் பன்னிரண்டு. இரண்டு மகன்களைப் பறிகொடுத்த வீடுகள் பத்து. ஒரு வீட்டில் தகப்பனும் மகனும் போய்விட, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஆறு தம்பி தங்கைகளைத் தனியாக வளர்க்க வேண்டியதாயிற்று. 1901இல் கணவனை இழந்த பெண் ஒருத்தி, 1913இல் இரண்டு மகன்களையும் உடன்பிறந்தவனையும் வீட்டில் தங்கியிருந்த வாடகைக்காரரையும் சேர்த்து இழந்தாள். கைம்பெண்கள் 205. தகப்பனை இழந்த பிள்ளைகள் 542.

இந்த எண்களை அவர் காகிதம் எதையும் பார்க்காமல் சொன்னார்.

வெடித்த அடுத்த நாள், அக்டோபர் 15, லண்டனில் கன்னாட் இளவரசர் ஆர்தருக்குத் திருமணம். வந்து குவிந்த பரிசுப் பொருள்களை அரண்மனையில் காட்சிக்கு வைத்து, தலைக்கு ஒரு ஷில்லிங் நுழைவுக் கட்டணம் வாங்கி, 1,200 பவுண்டை செங்ஹெனித் நிதிக்குக் கொடுத்தார்கள். நாடெங்கும் மக்கள் தந்தார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் சனிக்கிழமை நடந்த அடக்கத்துக்கு ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் நவம்பர் இறுதியிலேயே சுரங்கத்தில் கரி வெட்டும் வேலை மீண்டும் தொடங்கிவிட்டது. வேறு வேலைதான் ஏது?

விசாரணை 1914 ஜனவரியில் நடந்தது. தலைமைச் சுரங்க ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்மெய்ன் தலைமை தாங்கினார். தீப்பொறி எங்கிருந்து கிளம்பியது என்பதை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. மின்சார மணிச் சமிக்ஞைக் கம்பிகள் மீது பலருக்கும் சந்தேகம். ஆனால் தூள் அப்புறப்படுத்தப்படாமல் கிடந்தது, விசிறி திருப்ப முடியாததாக இருந்தது என்பதெல்லாம் பதிவாயின. மேலாளர் எட்வர்ட் ஷா மீது பதினேழு குற்றச்சாட்டுகள், நிறுவனத்தின் மீது நான்கு. ஷாவுக்கு விதித்த அபராதம் 24 பவுண்டு. மேல்முறையீட்டுக்குப் பின் நிறுவனத்துக்கு 10 பவுண்டு அபராதமும், 5 பவுண்டு 5 ஷில்லிங் வழக்குச் செலவும். ஒரு பத்திரிகை கணக்குப் போட்டுப் போட்டது: ஓர் உயிருக்கு 1 ஷில்லிங் 1¼ பென்னி.

ஷாவைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெடித்த உடனே, எந்தக் கருவியும் இல்லாமல் முதலில் கீழே இறங்கியவர்களில் அவரும் ஒருவர். மேலே வந்தவர்களில் பலர் அவருடைய துணிவால் வந்தார்கள். அதே மனிதர்தான் அதற்கு முந்தைய மாதங்களில் சட்டம் கேட்ட வேலைகளைத் தள்ளிப்போட்ட நிர்வாகத்தின் கையாகவும் இருந்தார். இரண்டும் உண்மை. ஒன்று மற்றதைக் கழித்துவிடாது. தனிமனிதனின் துணிவை நம்பி ஒரு சுரங்கத்தை நடத்தக் கூடாது என்பதற்காகத்தானே சட்டமே எழுதினார்கள். அந்தச் சட்டத்தை மீறியதற்கு நீதிமன்றம் போட்ட விலையைப் படிக்கும்போது, நூறு ஆண்டுக்குப் பிறகும் உடம்பு பதறுகிறது.

ஞாயிறு, எக்லூயிசிலான்

இரவு கேர்ஃபிலியில் தங்கிவிட்டு மறுபடியும் இந்தப் பள்ளத்தாக்குக்கே வந்தேன். இன்று மலை மேல் ஏறினேன். ஆபெர் பள்ளத்தாக்குக்கும் டாஃப் பள்ளத்தாக்குக்கும் நடுவில் இருக்கும் முகட்டில் புனித இலான் தேவாலயம். செங்ஹெனித்தில் இறந்தவர்களில் பலரை இங்கே அடக்கம் செய்தார்கள். கீழே இருந்து சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த ஏற்றத்தில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். எனக்குக் கையை வீசிக்கொண்டு ஏறவே மூச்சு வாங்கியது.

மேலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை. சுரங்கம் எங்கே இருந்தது என்று தெரியாதவர் கண்டுபிடிக்க முடியாது. மேய்கிற ஆடுகள், சரிவில் படிபடியாக இறங்கும் சாம்பல் நிறக் கூரைகள். வழியில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் சேர்ந்துகொண்டார். ஓய்வுபெற்றவர். அவருடைய தாத்தா யூனிவர்சலில் வேலை செய்தார், அப்பா கீழே இருக்கும் அபெர்ட்ரிடுரின் வின்ட்சர் சுரங்கத்தில். இவர் கார்டிஃபில் அலுவலக வேலை பார்த்தவர். “அப்பா என்னை ஒரு நாள் கீழே கூட்டிக்கொண்டு போனார். மேலே வந்ததும், பார்த்தாயல்லவா, இனி பள்ளிக்கூடத்துப் பாடத்தைப் படி என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்ன அறிவுரை” என்றார்.

அவர் சொல்லித்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யூனிவர்சல் சுரங்கம் 1928 மார்ச்சில் மூடப்பட்டது. கரி வெட்டத் தொடங்கியது 1896. ஆக, இந்த ஊரை உண்டாக்கிய சுரங்கத்தின் மொத்த ஆயுள் முப்பத்திரண்டு ஆண்டு. அது மூடி ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகப்போகிறது. சுரங்கத்தோடு வாழ்ந்ததைப்போல மூன்று மடங்கு காலம் செங்ஹெனித் சுரங்கம் இல்லாமல் வாழ்ந்திருக்கிறது.

எப்படி என்று கேட்டேன். எளிதாக இல்லை என்பதுதான் பதில். 1926இல் பொது வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் நீடித்த சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் பல மாதம் கூலியில்லாமல் இருந்து, அது தோற்று, இரண்டு ஆண்டுக்குள் சுரங்கமும் மூடியது. அதைத் தொடர்ந்து வந்தது முப்பதுகளின் பொருளாதார மந்தம். தென் வேல்ஸிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போனார்கள். இங்கே தங்கியவர்களில் பலர் வின்ட்சருக்கு நடந்தார்கள். அதுவும் 1970களில் நிலத்தடியிலேயே நான்ட்கர்வ் சுரங்கத்தோடு இணைக்கப்பட்டு, ஓராண்டு நீடித்த பெரிய வேலைநிறுத்தம் முடிந்த மறு ஆண்டில், 1986இல், மூடப்பட்டது.

இப்போது காலை பஸ்களில் ஏறுகிறவர்கள் கேர்ஃபிலிக்கும் கார்டிஃபுக்கும் வேலைக்குப் போகிறார்கள். கார்டிஃபில் வீட்டு விலை எட்டாத இளம் தம்பதிகள் இங்கே வந்து குடியேறுகிறார்கள். தெருவில் ஒரு வரிசை வீட்டின் கதவுகளைப் பார்த்தேன்: ஒன்று மஞ்சள், ஒன்று கருநீலம், ஒன்று சாயம் உரிந்த பழைய பச்சை. ஒரு வாசலில் குழந்தைத் தள்ளுவண்டி, அடுத்ததில் மீன்பிடித் தூண்டில், அதற்கடுத்த ஜன்னலில் ரக்பி அணியின் கொடி. பிரார்த்தனைக் கூடங்கள் பல மூடிவிட்டன. கடைகள் குறைந்துவிட்டன. மருத்துவமனைக்கோ பெரிய கடைக்கோ போக பஸ் நேரம் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் அது இன்னும் கடினம் என்று நாயோடு வந்தவர் குறைபட்டுக்கொண்டார். குறை நியாயமானது. கரியை இறக்க ரயில் போட்டவர்களுக்கு, கரி தீர்ந்ததும் ஆட்களைக் கொண்டுபோக ரயில் வேண்டாததாகிவிட்டது.

ஆனால் ஒன்று கவனித்தேன். பள்ளத்தாக்கில் வேல்ஷ் மொழி வழியில் கற்பிக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. 1158இல் கார்டிஃப் கோட்டைக்குள் சுவரேறிக் குதித்து, அங்கிருந்த நார்மானியப் பிரபுவையும் குடும்பத்தையும் தூக்கிக்கொண்டு போன செங்ஹெனித் தலைவன் இஃபோர் பாக்கின் பெயர் அதற்கு. சுரங்க காலத்தில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மெல்ல மெல்ல நழுவிப்போன மொழியை, இப்போது பேரப்பிள்ளைகள் பள்ளியில் படித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். “என் பேத்தி தொலைபேசியில் வேல்ஷில் பேசினால் எனக்குப் பாதி புரியாது. சந்தோஷமாக இருக்கும்” என்றார் அவர். ஆண்கள் பாடல் குழுவும் ஆபெர் பள்ளத்தாக்கின் பெயரில் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது.

திங்கள், பிளைனாவன்

செங்ஹெனித்தில் கீழே இறங்க வழியில்லை. கீழே என்ன இருந்தது என்று கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்றால் பிளைனாவனுக்குப் போக வேண்டும். பஸ் மாறிப் போவதற்குள் பாதிக் காலை போய்விட்டது. பிக் பிட் சுரங்கம் 1980இல் மூடி, 1983இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. ஊரும் சுற்றியுள்ள தொழில் நிலப்பரப்பும் 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

இது காட்சிக்காகக் கட்டிய பொம்மைச் சுரங்கம் அல்ல. சுரங்க விதிகள் இன்றும் பொருந்தும் உண்மையான சுரங்கம். அதனால் இறங்குமுன் தீப்பெட்டி, சிகரெட், கைபேசி, பேட்டரி உள்ள கைக்கடிகாரம், கார் சாவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தலைக்கவசம், அதில் விளக்கு, இடுப்பில் பேட்டரியும் அவசர காலத்தில் நச்சுக்காற்றை வடிகட்டித் தரும் சிறு பெட்டியும். இடுப்பு வார் கனமாக இழுத்தது. கையில் பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள்.

வழிகாட்டி முன்னாள் சுரங்கத் தொழிலாளி. பள்ளத்தாக்குகளில் கடைசிச் சுரங்கங்கள் மூடும்வரை வேலை செய்தவர். “இந்த வில்லை தொலைந்தால் நீங்களும் தொலைந்த மாதிரி” என்றார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இறங்கும்போது வில்லை, ஏறும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முறை முடிந்தும் ஆணியில் வந்து மாட்டாத வில்லைகளை எண்ணினால் கீழே இருப்பவர்கள் எத்தனை பேர், யார் யார் என்பது தெரிந்துவிடும். நேற்று முன்தினம் அந்தச் சுவரில் பார்த்த வயதுகள் நினைவுக்கு வர, உள்ளங்கையில் அந்த வில்லையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சின்னது. ஓரம் தேய்ந்திருந்தது. நடுவில் குத்திய எண்ணின் பள்ளத்தில் கறுப்பு படிந்திருந்தது.

கூண்டு 90 மீட்டர் இறங்கியது. யூனிவர்சல் இதைப்போல ஆறு மடங்குக்கும் அதிக ஆழம். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. மேலே மரத்தாலும் இரும்பாலும் முட்டுக்கொடுத்த கூரை. சில இடங்களில் இடுப்பு வளைய நடக்க வேண்டும். ஒரு கதவருகே நிறுத்தி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். 1842 சட்டம் வருவதற்கு முன், ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட இருட்டில் உட்கார்ந்து, தள்ளுவண்டி வரும்போது காற்றுக்கதவைத் திறந்து மூடும் வேலை செய்தார்கள். அந்தச் சட்டம்தான் பெண்களையும் பத்து வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளையும் கீழே அனுப்பக் கூடாது என்றது. நிலத்தடிக் குதிரை லாயத்தையும் காட்டினார். ஒவ்வொரு தடுப்பின் மேலும் அங்கே கட்டியிருந்த குதிரையின் பெயர்ப் பலகை இருக்கிறது.

நான் தூளைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. பாதையோரத்தைக் காட்டி, பிற்காலத்தில் சுண்ணாம்புக்கல் மாவை இப்படித் தரையிலும் சுவரிலும் தூவுவார்கள் என்று விளக்கினார். வெடித்தாலும் கரித்தூளோடு கல்மாவும் சேர்ந்து எழும்பித் தீயை ஓடவிடாமல் தடுக்கும். விலை மலிவான பொருள், செய்வதற்கு எளிய வேலை. “இதைக் கட்டாயமாக்குவதற்குள் எத்தனை பேர்” என்று தொடங்கியவர், முடிக்காமல் அடுத்த வளைவுக்கு நடந்தார். அதே தூள் வெடிக்காமலேயே நுரையீரலில் படிந்து கொன்றவர்கள் வேறு. அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற பெரிய தீர்ப்பு 1998இல்தான் வந்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டிருந்தார்கள்.

பாதுகாப்பு விளக்கு ஒன்றையும் ஏற்றிக் காட்டினார். கண்ணாடிக்குள் சுடர் மஞ்சளாக நிமிர்ந்து நின்றது. மீத்தேன் இருந்தால் திரியைத் தாழ்த்திய சுடரின் மேல் நீலத் தொப்பி போல ஒரு வளையம் தெரியும், அதன் உயரத்தை வைத்து எவ்வளவு வாயு என்று கண்ணாலேயே கணிப்போம் என்றார். காற்றில் மீத்தேன் ஐந்து சதவீதத்தைத் தொட்டால் வெடிக்கும் நிலை. அதற்கு வெகு முன்னரே ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். இதெல்லாம் 1913இலும் தெரிந்த சங்கதிதான்.

ஊருக்குள் நடந்து வரும்போது 1895இல் திறந்த தொழிலாளர் மன்றத்தைப் பார்த்தேன். தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டுத் தொழிலாளர்களே கட்டியது. வேல்ஸ் பள்ளத்தாக்குகள் முழுக்க இப்படி மன்றங்களும் நூலகங்களும் எழும்பின. முதலாளி கட்டாததைத் தாங்களே கட்டிக்கொள்வது இவர்களுக்குப் பழக்கம். செங்ஹெனித்தில் அந்த அருங்காட்சியகமும் அப்படித்தான் நடக்கிறது.

செவ்வாய், கேர்ஃபிலி

மழை. கோட்டையைச் சுற்றிவிட்டு, ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் மழையைப் பார்த்துக்கொண்டே கரிக்கழிவு மேடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே மழை பெய்தால் பேச்சு அங்கே போய்விடும் போலிருக்கிறது. காரணம் இருக்கிறது. 1966 அக்டோபர் 21 அன்று ஆபெர்வானில், மழையில் ஊறிய கழிவு மேடு சரிந்து பள்ளியின் மீது விழுந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கு, இறந்த பிள்ளைகளுக்காக மக்கள் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டது அன்றைய அரசு. 1997இல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், வட்டியில்லாமல். பிறகு 2007இல் வேல்ஸ் அரசு 20 லட்சம் பவுண்டு கொடுத்தது.

சுரங்கங்கள் போய்விட்டன. மேடுகள் போகவில்லை. வேல்ஸில் கைவிடப்பட்ட கரிக்கழிவு மேடுகள் 2,500க்கும் மேல் இருக்கின்றன. 2020 பிப்ரவரிப் புயலில் ரோண்டாவின் டைலர்ஸ்டவுனில் ஒரு மேடு ஆற்றுக்குள் சரிந்தது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. மேடுகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைக்கும் சட்டத்தை வேல்ஸ் நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றியது. பணம் யார் தருவது என்பதில் கார்டிஃபுக்கும் லண்டனுக்கும் இடையே இழுபறி நீண்டது. கரி வெட்டியபோது வந்த லாபம் இந்தப் பள்ளத்தாக்குகளில் தங்கவில்லை. அதன் கழிவைக் காக்கும் செலவை மட்டும் இங்குள்ளவர்கள் தலையில் கட்டுவது எந்த வகையிலும் சரியில்லை, மேசையில் இருந்த பெரியவர்களும் அதைத்தான் சொன்னார்கள், கொஞ்சம் கடுமையான சொற்களில்.

செங்ஹெனித்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: கார்டிஃபிலிருந்து கேர்ஃபிலிக்கு ரயில், அங்கிருந்து பஸ். நினைவுத் தோட்டம் எப்போதும் திறந்திருக்கும். அருங்காட்சியகம் தொண்டர்கள் நடத்துவது, எல்லா நாளும் திறப்பதில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். தோட்டத்தில் சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. வேல்ஸின் மற்ற சுரங்கங்களில் நடந்த 152 விபத்துகள் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓர் ஓடு பதித்திருக்கிறார்கள். தங்கள் ஊரின் துக்கத்துக்குக் கிடைத்த இடத்தில், மற்ற ஊர்களுக்கும் செங்ஹெனித்காரர்கள் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முழுவதும் நின்று படிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.